வர்ற தேதி தெரிஞ்சா நிம்மதியா, தெரியாம இருக்கறது நிம்மதியா?

மே 12, கேள்வி

கல்யாணம் ஆகி இன்னும் ஒரு வருஷம் முடியல. அவர் கடற்படை, இதுதான் முதல் நீண்ட செயிலிங். எப்ப வருவாங்கன்னு கேட்டா "அந்த மாசம் போல"ன்னு ஒரு மாசத்தச் சொல்றாங்க, தேதி சொல்ல மாட்டேங்கறாங்க. நான் போன்ல கவுண்ட்டவுன் ஆப் போட்டு அந்த மாசத்து முதல் தேதிய வெச்சிருக்கேன். உறுதியான தேதி மட்டும் தெரிஞ்சிட்டா பாதி பாரம் இறங்கிடும்னு தோணுது. அனுபவப்பட்ட அக்காங்க யாராச்சும் சொல்லுங்க, தேதிய யார்கிட்ட எப்படிக் கேட்டு வாங்கறது?

மே 12, ராத்திரி

கேட்டு வாங்காதம்மா. யாராச்சும் சொன்னாலும் நம்பாத. அந்த ஆப்ப மொதல்ல தூக்கு. நான் ரொம்ப வருஷமா இந்தக் காத்திருப்புல இருக்கேன், வீட்டுக்காரர் கப்பல்காரர், இப்பவும் கடல்லதான் இருக்காரு. தேதி பாரத்த இறக்காது, ஏத்தும். தெரியாத வரைக்கும் நீ உன் பாட்டுக்கு எந்திரிச்சு வேலையப் பாத்துட்டு இருப்ப. தெரிஞ்ச அன்னைலருந்து எல்லாமே "அவர் வர்றதுக்கு முன்னாடி", "வந்ததுக்கு அப்புறம்"னு ரெண்டாப் பிரிஞ்சிடும், நடுவுல இருக்கற நாளெல்லாம் சும்மா தள்ளிவிட வேண்டிய நாளாப் போயிடும், தோழி கூப்பிட்டா அப்புறம் பாக்கலாம்ப, பல்லு வலிச்சாக்கூட அவர் வந்தப்புறம் டாக்டர்கிட்ட போலாம்ப. அப்புறம் அந்தத் தேதி தள்ளிப் போகும்.

மே 13

"எல்லாருக்குமா தள்ளிப் போகுது"ன்னு கேட்டிருக்க. எல்லாருக்கும் இல்ல. ஆனா தள்ளிப் போனவங்க கதை ஊரறிஞ்சது. ஆபிரகாம் லிங்கன்னு அமெரிக்காவோட விமானம் தாங்கிக் கப்பல், 2002 ஜூலைல கிளம்புச்சு, ஆறு மாசம்னு கணக்கு. வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துட்டே இருக்கு, 2003 புத்தாண்டு அன்னிக்கு ஆர்டர் வருது, திரும்பிப் போங்கன்னு, ஈராக் போர் வரப்போகுது. கடைசில வீடு வந்து சேந்தது மே மாசம். பத்து மாசம் கிட்ட ஆகிப்போச்சு. அந்தக் கப்பல்ல அஞ்சாயிரம் பேருக்கு மேல, அத்தன வீட்லயும் யாரோ ஒருத்தர் லீவு சொல்லி வெச்சு, பிள்ளைங்களுக்குப் புதுத்துணி எடுத்து வெச்சு உக்காந்திருந்திருப்பாங்க.

தரைப்படைக்கும் அதே கதைதான். 2007 ஏப்ரல்ல அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த ராபர்ட் கேட்ஸ், ஈராக்லயும் ஆப்கானிஸ்தான்லயும் இருக்கற ராணுவத்தினருக்கு 12 மாசம் இனிமே 15 மாசம்னு அறிவிச்சாரு, ஏற்கெனவே அங்க போய் உக்காந்திருக்கறவங்களுக்கும் சேத்துத்தான். பத்து மாசம் ஓட்டிட்டு இன்னும் ரெண்டே மாசம்னு இருந்தவங்களுக்கு அஞ்சா மாறிடுச்சு. நிமிட்ஸ்னு அவங்களோட இன்னொரு விமானம் தாங்கிக் கப்பல் 2020ல கொரோனா நேரத்துல போனது, கிளம்பறதுக்கு முன்னாடி தனிமைல வெச்சதையும் சேத்தா 11 மாசம் போல.

இது எதுவும் உன் வீட்டுக்காரர் கையில இல்ல, கேப்டன் கையிலயும் இல்ல. இவங்கள விடுவிக்க வர்ற கப்பல் லேட்டுன்னா இவங்களும் லேட்டு. எங்கயாவது புயல் அடிச்சா நிவாரணத்துக்குத் திருப்பி விடுவாங்க. ஒரு பம்ப்பு மக்கர் பண்ணா ஏதோ ஒரு துறைமுகத்துல உதிரிபாகத்துக்காக நிக்கும். இதுல யார்கிட்ட போய் தேதி கேப்ப?

மே 13, கொஞ்சம் கழிச்சு

இன்னொண்ணும் இருக்கு. தப்பித்தவறி தேதி தெரிய வந்தாலும் அத எங்கயும் எழுதாத. ஸ்டேட்டஸ்ல வெக்கறது, குரூப்ல "இன்னும் இத்தன நாள்"னு போடறது, கேக் ஆர்டர் குடுக்கறப்ப கப்பல் பேரோட சொல்றது, எதுவும் வேண்டாம். ஒவ்வொண்ணாப் பாத்தா ஒண்ணுமே இல்ல, நாலு வீட்ல இருந்து நாலு துண்டு கெடச்சா யாருக்கு வேணுமோ அவங்க சேத்துப் பாத்துக்குவாங்க. 2017 கடைசில ஸ்ட்ராவான்னு ஓட்டப்பயிற்சி ஆப், அதுல பதிவான ஓட்டத்தையெல்லாம் சேத்து உலக வரைபடமா வெளியிட்டாங்க. 2018 ஜனவரில ஒரு ஆஸ்திரேலிய மாணவர் அதப் பாத்துட்டு, பாலைவனத்து நடுவுல ராணுவ முகாமோட சுத்துப்பாதை பளிச்சுனு தெரியுதேன்னு சொன்னாரு. காலைல ஓடப்போன சிப்பாய்ங்கதான் வரைஞ்சு குடுத்திருக்காங்க. அவங்களே அப்படின்னா நாம எம்மாத்திரம்.

ஒரு விஷயம் நெனச்சா எனக்கு சிரிப்பு வரும். நம்ம பழைய பாட்டுலயெல்லாம் போருக்குப் போறவன் தேதி சொல்லிட்டுப் போகமாட்டான், "கார்காலம் வர்றதுக்குள்ள வந்துடறேன்"னுதான் சொல்லுவான். முல்லைத் திணைன்னாலே அதுதான, அவன் பாசறைல, அவ வீட்ல, மேகம் கூடுது, அவன் தேரக் காணோம். பருவத்த மட்டும் சொல்லிட்டுப் போறது ரகசியம் காக்கறதுக்கும் தோது, தப்பிச்சுக்கறதுக்கும் தோது. மழை வந்துட்டாலும் "இது கார்காலமே இல்ல, மேகம் ஏமாத்துது"ன்னு தோழி சமாதானம் சொல்லுவா. உனக்கு "அந்த மாசம் போல"ன்னு சொன்னாங்க பாரு, ரெண்டாயிரம் வருஷமா அதே பதில்தான் வந்துட்டிருக்கு.

மே 15

மெயில் பத்தி கேட்டிருக்க. அவர் பதில் போடலன்னா என்ன அர்த்தம்னு. ஒரு அர்த்தமும் இல்ல. கப்பல்ல நெட் கெடைக்கறதுக்கு ஒரு காரணம்தான், கெடைக்காததுக்கு நூறு காரணம்.

நீர்மூழ்கிக் கப்பல்காரங்க வீட்டோட ஒப்பிட்டா நாமல்லாம் குடுத்து வெச்சவங்க. பிரிட்டன்ல அணுசக்தி நீர்மூழ்கில ரோந்து போறவங்களுக்கு வீட்ல இருந்து வாரம் ஒரு சேதிதான், ஃபேமிலிகிராம்னு பேரு, ஒரு காலத்துல 40 வார்த்தைதான் அளவு, அப்புறம் 120 ஆக்கினாங்க. அதுவும் ஒருவழிப் பாதை. அங்கருந்து பதிலே வராது, ஏன்னா அவங்க ஒரு சிக்னல் விட்டா கப்பல் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். நீ அனுப்பறத வேற ஆளுங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள அனுப்புவாங்க, கெட்ட சேதின்னா நிறுத்திடுவாங்க. வீட்ல யாராச்சும் தவறிட்டா நடுக்கடல்லயே சொல்லணுமா, கரைக்கு வந்தப்புறம் சொன்னாப் போதுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதி வாங்கிக்குவாங்க. அந்த ஃபாரத்த நிரப்பறவர் பக்கத்துல உக்காந்திருக்கற மனைவிய நெனச்சுப் பாரு.

இதுல நான் கத்துக்கிட்டது என்னன்னா, பதில் எதிர்பாக்காம எழுதறது ஒரு தனி வித்தை. கேள்வியா எழுதாத. "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, எப்ப பேசுவீங்க"ன்னு எழுதினா அவர் அதப் படிக்கறப்ப மூணு கேள்வியும் செத்துப் போயிருக்கும். நடந்தத எழுது. சின்னதா எழுது. பக்கத்து வீட்டு நாய் நம்ம செருப்ப ஒத்தையாத் தூக்கிட்டுப் போனத எழுது. என் வீட்டுக்காரர் ஒருதடவ சொன்னாரு, "நீ ஐ மிஸ் யூன்னு எழுதினதெல்லாம் ஞாபகம் இல்ல, குழாய் வாஷர் நீயே மாத்தி தண்ணி மூஞ்சில அடிச்சுதுன்னு எழுதினத மெஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்"னு. எனக்கு வந்த கோவம் இருக்கே.

மே 16

ஓடிபி. இத மட்டும் தனியா சொல்லணும். அவர் பேர்ல இருக்கற எல்லா கணக்குக்கும் ஓடிபி அவர் நம்பருக்குத்தான் போகும், அந்த போன் கடல்ல ஒரு லாக்கருக்குள்ள சுவிட்ச் ஆஃப் ஆகிக் கெடக்கும். கரண்ட் கனெக்ஷன், காஸ், வண்டி இன்ஷூரன்ஸ், ஸ்கூல் ஆப் எல்லாத்துலயும் நம்பர மாத்திட்டுத்தான் அனுப்பணும். ஒரு வங்கில நான் போய் "அவர் கப்பல்ல இருக்காரு"ங்கறேன், அந்தப் பொண்ணு "பரவால்ல மேடம், வீடியோ கால்ல வரச்சொல்லுங்க"ங்குது. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கி வெச்சுக்கோ, இந்தத் தடவ முடியலன்னா அடுத்த தடவைக்கு.

மே 19

"அவர் கிளம்பறதுக்கு முந்தின வாரம் பூரா சண்ட போட்டேன், அது உறுத்திட்டே இருக்கு"ன்னு எழுதியிருக்க. ஏம்மா, அது எல்லா வீட்லயும் நடக்கறது. 1987லயே கேத்லீன் வெஸ்டல் லோகன்னு ஒருத்தங்க அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்களப் பாத்து இத எழுதிட்டாங்க. பிரிவ ஏழு கட்டமாப் பிரிச்சாங்க. மொதக் கட்டமே கிளம்பறதுக்கு முன்னாடி வர்ற எரிச்சலும் சண்டையும்தான், ஏன்னா அழுதுட்டே அனுப்பறதவிடக் கோவமா அனுப்பறது சுலபம். அடுத்தது ஒதுங்கறது, ஆளு வீட்லயே இருப்பாரு, ஆனா ரெண்டு பேரும் மனசுக்குள்ள ஏற்கெனவே கெளம்பிட்ட மாதிரி. அப்புறம் போனவுடனே வர்ற குழப்பம், அப்புறம் நாமளா ஒரு நிலைக்கு வர்றது, அப்புறம் வரப்போறாருங்கற பரபரப்பு. இது அஞ்சு. மிச்சம் ரெண்டும் அவர் வந்தப்புறம். நிறைய பேர் பாக்காம விடறது அந்த மிச்ச ரெண்டத்தான், அதுக்கு அப்புறம் வர்றேன்.

இந்த மாதிரி கட்டம் கட்டமாப் போட்டுப் பாக்கறதுல எனக்கு முழு நம்பிக்கை கெடையாது, சொல்லிடறேன். எனக்கு மூணாவதும் அஞ்சாவதும் ஒரே நாள்ல வரும். காலைல வீட்ட ஒதுக்கி, திரைச்சீலை மாத்தி, சாயங்காலம் அதே திரைச்சீலையப் பாத்து அழுதுருக்கேன். ஆனா நாலாவது கட்டம் ஒண்ணு இருக்கு பாரு, "நாமளா நிலைக்கு வர்றது", அது சத்தியமான உண்மை. அது வந்த அன்னிக்கு உனக்கே தெரியும். கட்டில்ல நடுவுல படுக்க ஆரம்பிப்ப.

மே 20

ஒரு தம்பி எழுதியிருக்காரு, அவர் மனைவிதான் ராணுவத்துல, அவர்தான் வீட்ல பிள்ளையோட இருக்காரு, "நீங்க எல்லாத்தையும் பொண்ணுங்க காத்திருக்கற மாதிரியே எழுதறீங்க"ன்னு. நியாயம். இனிமே எழுதறது எல்லாருக்கும் சேத்துத்தான். அவருக்கு இன்னொரு தொல்லை, பொண்ணு தனியா இருந்தா "பாவம்"னு நாலு பேர் வந்து நிப்பாங்க, ஆம்பள தனியா இருந்தா "ஜாலிதான் போ"ங்கறாங்களாம். ஸ்கூல்ல பேரன்ட்ஸ் குரூப்ல இவரச் சேக்கவே மாட்டேன்னுட்டாங்களாம், அம்மாமார் குரூப்பாம் அது. பிள்ளைக்கு நாளைக்கு என்ன கலர் சட்டைன்னு தெரியாம வெள்ளைச் சட்டைல அனுப்பி வெச்சு, அது மட்டும் அழுதுட்டு வந்திருக்கு.

தம்பி, அந்த டீச்சர் நம்பர நேராவே வாங்கி வெச்சுக்கோங்க. குரூப்ப விடுங்க.

மே 24

ஆப் விஷயத்துல கொஞ்சம் இளகறேன். நேத்து ஒரு தோழிகிட்ட இதப் பத்திப் பேசினப்ப அவ சொன்னா, பெரியவங்களுக்குத் தேதி வேண்டாம் சரி, நாலு வயசுப் பிள்ளைக்கு "எப்பவோ வருவாரு"ன்னு சொன்னா அது என்னத்தப் புரிஞ்சுக்கும்னு. வாஸ்தவம். சின்னப் பிள்ளைக்குக் கையால தொடற மாதிரி ஏதாச்சும் வேணும். ஆனா அதுலயும் குறையற கணக்க வெக்காம கூடற கணக்க வெக்கலாம். பாட்டில்ல தினம் ஒரு மணி போடறது. பாட்டில் ரொம்புதுங்கறதுதான் தெரியும், எப்ப ரொம்பும்னு யாரும் வாக்குக் குடுக்கல. தேதி தள்ளிப் போனாலும் ஒண்ணும் கெடாது, அடுத்த பாட்டில் எடுத்துக்கலாம். ஆப்ல பூஜ்ஜியம் வந்து அப்பா வரலன்னா அத நாலு வயசுக்கு எப்படி விளக்குவ? இருபத்தாறு வயசுக்கே விளக்க முடியல. (உன்னைத்தான்.)

மே 29

இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன். நீ கேட்ட "ரெண்டு நாளா யாருக்குமே மெயில் வரல, எல்லாருக்கும் நின்னு போச்சு" விஷயம்.

கப்பல்ல தொடர்ப மொத்தமா நிறுத்தறது சாதாரணம். ஒரு பகுதியக் கடக்கறப்ப சத்தம் காட்டாமப் போகணும்னா எல்லாத்தையும் அணைச்சிடுவாங்க, பயிற்சியா இருந்தாலும் அணைச்சிடுவாங்க. நூத்துல தொண்ணூத்தொம்போது தடவ அதுதான். ஆனா ஈராக், ஆப்கானிஸ்தான் சமயத்துல பிரிட்டிஷ் படைல ஒரு நடைமுறை இருந்துச்சு, ஆபரேஷன் மினிமைஸ்னு. யாராச்சும் இறந்துட்டா, பலமா அடிபட்டா, அவங்க குடும்பத்துக்கு முறையாத் தகவல் போய்ச் சேர்ற வரைக்கும் முகாம்ல எல்லாரோட போனும் நெட்டும் கட். அரைகுறைச் சேதி வேற வழில முன்னாடியே போயிடக் கூடாதுங்கறதுக்காக. சரியான நடைமுறைதான், நான் குறை சொல்லல. ஆனா வீட்ல இருக்கறவங்க அந்த அமைதியப் படிக்கக் கத்துக்கிட்டாங்க. போன் வரலன்னா யாரோ ஒருத்தர் வீட்டுக் கதவத் தட்டப் போறாங்க, யார் வீடுன்னுதான் தெரியாது. தன் போன் மறுபடி அடிச்சா உசுரு வரும், கூடவே "அப்ப வேற யாரோ"ன்னு ஒண்ணு நெஞ்சுல குத்தும், அந்த நிம்மதிக்கே குற்ற உணர்ச்சி.

அதுக்கும் முன்னாடி முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்களுக்கு அச்சடிச்ச கார்டு ஒண்ணு குடுத்தாங்க. "நான் நலமாக இருக்கிறேன்", "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்", "உங்களிடமிருந்து வெகுநாளாகக் கடிதம் இல்லை" அப்படின்னு வரிவரியா இருக்கும், வேண்டாதத அடிச்சிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்பணும். வேற ஒரு வார்த்தை சேத்தாலும் கார்டக் கிழிச்சுப் போட்டுடுவாங்கன்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். ஆஸ்பத்திரி வரிய அடிச்ச கோடு நேரா இருக்கா, நடுங்கியிருக்கான்னு எத்தன பேர் வெளிச்சத்துல வெச்சுப் பாத்திருப்பாங்க.

அதனால உனக்கு நான் சொல்றது, நியூஸ் சேனல அணை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல மூத்த பொண்ணு யாராச்சும் ஒருத்தர்கிட்ட மட்டும் கேளு. அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, ஆனா தெரியாதத எப்படித் தாங்கறதுன்னு தெரியும். வாட்ஸ்அப்ல "எங்க மச்சான் சொன்னாரு"ன்னு வர்றத எல்லாம் பாக்காமலே அழி.

மே 30

மெயில் வந்துடுச்சாமே. பாத்தியா. என்ன எழுதியிருந்தாருன்னு சொல்லு. "சாக்ஸ் எங்க வெச்ச"ன்னுதான கேட்டிருக்காரு?

ஜூன் 3

எங்க கப்பல் தள்ளிப் போயிடுச்சு. எவ்ளோன்னு எழுத மாட்டேன்.

ஜூன் 4

எல்லாரும் ஆறுதல் எழுதியிருக்கீங்க, நன்றி. ஒருத்தர் "நீங்கதான் தேதிய நம்பாதன்னு சொன்னீங்க, அப்புறம் ஏன் இவ்ளோ வருத்தம்"னு கேட்டிருக்காரு. தேதிய நம்பல சார். ஆனா அலமாரில அவர் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிட்டேன், அது என்னைக் கேக்காமப் பண்ணினது. கை பண்ணிடுச்சு. ராத்திரி எடுத்து மறுபடி மடிச்சு உள்ள வெச்சேன். பையன் பாத்துட்டு "தள்ளிடுச்சா"ன்னு மட்டும் கேட்டான், பன்னெண்டு வயசு, அவனே போய் அந்த வார ஃபுட்பால் மேட்ச்சுக்கு வர்றேன்னு கோச்சுக்கு மெசேஜ் போட்டான். அவன் அதுக்கு வரலன்னு சொல்லி வெச்சிருந்தான்னே எனக்குத் தெரியாது.

ஜூன் 9

சரி, மிச்ச ரெண்டு கட்டம்.

வர்ற வரைக்கும்தான் கஷ்டம், வந்துட்டா சுபம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. வந்து ரெண்டாவது வாரத்துலதான் ஆரம்பிக்கும். லோகன் அந்தக் கட்டத்துக்கு வெச்ச பேரே கல்யாண ஒப்பந்தத்த மறுபடி பேசித் தீத்துக்கறதுங்கற மாதிரிதான். ஏன்னா நீ இல்லாத மனுஷனச் சுத்தி ஒரு வீட்ட ஓட்டப் பழகிட்ட. எந்தச் சாவி எங்க, யாருக்கு எப்ப என்ன மருந்து, காசு எதுல இருந்து எதுக்குப் போகுதுன்னு எல்லாம் உன் தலைக்குள்ள. அவர் உள்ள வந்து நின்னா நிக்கறதுக்கே எடம் இல்ல. உதவி பண்றேன்னு அலமாரிய அடுக்குவாரு, உனக்குப் பத்திக்கும். ஒருதடவ என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் முன்னாடி நின்னு "இத எடுத்துக்கலாமா"ன்னு என்னைக் கேட்டாரு. அவர் காசுல வாங்கின ஃபிரிட்ஜ். எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணிடுச்சு. இன்னொரு நாள் பையன் வெளில வெளையாடப் போகணும்னு அவர்கிட்ட கேட்டு, அவர் சரின்னு சொல்லி, அவன் நேரா எங்கிட்ட வந்து "அப்பா சரின்னுட்டாரு, நீங்க என்ன சொல்றீங்க"ங்கறான். மேல்முறையீடு மாதிரி. அவர் பேப்பர்ல இருந்து தலைய நிமித்தவே இல்ல, ஆனா அந்தப் பக்கத்தத் திருப்பவும் இல்ல.

தூக்கம் இன்னொரு கதை. கப்பல்ல எப்பவும் மெஷின் சத்தம், காத்து வர்ற குழாயோட இரைச்சல், அது நின்னாத்தான் அவங்களுக்கு முழிப்பு வரும், ஏதோ கோளாறுன்னு. வீட்ல அமைதியா இருந்தா தூங்க முடியாது. எங்க வீட்ல குளிர்காலத்துலயும் ஃபேன் முழு வேகத்துல ஓடும், நான் ரெண்டு போர்வை. நடுராத்திரி கப்பல்ல காவல் டூட்டி மாத்தற நேரத்துக்கு எந்திரிச்சு ஹால்ல உக்காந்திருப்பாரு. மொதல்ல என்னமோ மனசுல வெச்சிருக்காருன்னு பயந்தேன், அப்புறம் பாத்தா கெடிகாரம் இன்னும் கப்பல்லயே இருக்கு, அவ்ளோதான்.

ஆனா எல்லாமே "அவ்ளோதான்" கெடையாது, அதையும் சொல்லணும். பாலின் பாஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1970கள்ல வியட்நாம் போர்ல காணாமப் போன வீரர்களோட குடும்பங்களப் பாத்து ஒரு விஷயம் சொன்னாங்க. ஆள் இல்ல, ஆனா வீட்ல எல்லார் மனசுலயும் இருக்காரு, இருக்காரா போயிட்டாரான்னு முடிவே தெரியாது, அந்தத் தெளிவில்லாத இழப்புதான் மனுஷன ரொம்ப அரிக்கும்னு. அதோட மறுபக்கத்தையும் சொன்னாங்க, ஆள் கண்ணெதிர்ல இருக்காரு, மனசு இங்க இல்ல. நமக்கு மொதல் வகை சின்ன அளவுல தினமும் பழக்கம். ரெண்டாவதுதான் சில வீட்ல வந்தப்புறம் ஆரம்பிக்கும். ரெண்டு மூணு வாரத்துல சரியாயிட்டா அது பழகற வேல. மாசக்கணக்குல தூங்காம, கோவம் தலைக்கேறி, குடி கூடி, பிள்ளை பக்கத்துல வந்தாலே சிடுசிடுன்னு இருந்தா அது வேற, டாக்டர்கிட்ட போகணும். "ஃபீல்டுல இருந்து வந்தவன் அப்படித்தான் இருப்பான்"னு பெருசுங்க சொல்றதக் கேட்டு உக்காந்துடாத.

திடீர்னு கொண்டாந்து விடறதும் ஒரு காரணம். 1982ல ஃபாக்லாந்து போர் முடிஞ்சு பிரிட்டிஷ்காரங்க நெறைய பேர் கப்பல்ல வாரக்கணக்கா வந்தாங்க, வழியெல்லாம் கூட இருந்தவங்களோட பேசி, சண்ட போட்டு, தூங்கி, அப்புறம் வீடு. பிற்பாடு ஆப்கானிஸ்தான்ல இருந்து விமானத்துல வந்தவங்கள நேரா வீட்டுக்கு அனுப்பாம சைப்ரஸ்ல ஒண்ணு ஒன்றரை நாள் நிறுத்தி, கடல்ல குளிக்க விட்டு, பேச விட்டு அனுப்பினாங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு அந்த ஒன்றரை நாள் எரிச்சலா இருந்திருக்கும், இவ்ளோ நாள் கழிச்சு இன்னும் எதுக்குடா நிறுத்தறீங்கன்னு. ஆனா என்னக் கேட்டா அது பத்தாது. நமக்கும் அந்த மாதிரி ஒரு சைப்ரஸ் குடுக்கணும்.

ஜூன் 10

அந்தத் தம்பி கேட்டிருக்காரு, "திரும்பி வந்தவங்களுக்கு எடம் விடறதுன்னா என்ன பண்றது, சொல்லித் தாங்க"ன்னு. பெருசா ஒண்ணுமில்ல. அவங்க இருந்தப்ப அவங்க பண்ணின ஒரு வேலையாச்சும் திருப்பிக் குடுத்துடணும், அத நீங்க இப்ப எவ்ளோ நல்லாப் பண்ணினாலும். எங்க வீட்ல அது வண்டி. நான் சர்வீஸ் விடற எடம், ஆயில், டயர் எல்லாம் கரைச்சுக் குடிச்சிட்டேன், ஆனா அவர் வந்ததும் சாவியக் குடுத்துட்டு வாய மூடிக்குவேன். அவர் வேற கடைக்குக் கொண்டு போவாரு, கூடக் காசு குடுப்பாரு. குடுக்கட்டும். காசுக் கணக்க மட்டும் ஒரு மாசத்துக்கு நான் விடமாட்டேன், ஏன்னா வந்த சந்தோஷத்துல கண்டதையும் வாங்குவாங்க.

ஜூன் 14

உன் கேள்வி பாத்தேன். சொன்ன மாசம் நெருங்கிடுச்சு, அத்தையும் நாத்தனாரும் துறைமுகத்துக்கு வரணும்கறாங்க, உனக்குத் தனியாப் போகணும்னு ஆசை, சொன்னா மனசு சங்கடப்படுமோன்னு பயம்.

அத்தையக் கூட்டிட்டுப் போ. நீ காத்திருக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகல, அவங்க அவர் பயிற்சிக்குப் போன அன்னைலருந்து காத்துட்டு இருக்காங்க. கப்பல் கிட்ட அவங்க மொதல்ல தொட்டுக்கட்டும், நீ ஓரமா நில்லு, அவர் கண்ணு தானா உன்னத் தேடும். ஆனா ராத்திரி தங்கறது வேண்டாம்னு இப்பவே பக்குவமாச் சொல்லிடு. நீயாச் சொல்லாத, அவர மெயில்ல எழுதச் சொல்லு, "அம்மா, ரெண்டு நாள் கழிச்சு நாங்களே வர்றோம்"னு. மகன் சொன்னா அது அன்பு, மருமக சொன்னா அது வழக்கு. நாத்தனார் அடுத்த வாரம் வரட்டும். ஹோட்டல், சினிமா, விருந்துன்னு மொத வாரத்துக்கு எதுவும் ஒத்துக்காத.

எல்லாரோட அடையாள அட்டையும் எடுத்துக்கோ, கேட்ல ஒருத்தருக்கு இல்லன்னாலும் நிறுத்திடுவாங்க. ஹீல்ஸ் வேண்டாம், நிக்கறது ரொம்ப நேரம், கப்பல் கண்ணுக்குத் தெரிஞ்சப்புறமும் கயிறு கட்டி, எறங்கற பலகைப் பாலம் போட்டு ஆளுங்கள விடறதுக்குள்ள கால் கழண்டுடும். அன்னிக்கு டூட்டி இருந்தா அவர் கடைசியாத்தான் எறங்குவாரு, மத்தவங்கல்லாம் வர்றாங்களே இவரக் காணோமேன்னு அழ ஆரம்பிச்சிடாத. அப்புறம் அவர் பை. அதுல இருக்கற துணி மொத்தமும் டீசல் நாத்தம் அடிக்கும், ஆசையா இருக்கேன்னு வீட்டுத் துணியோட சேத்து மெஷின்ல போட்டுடாத, தனியா ஊற வெச்சு ரெண்டு தடவ அலசு.